அழித்தாலும் திரும்பி வரும் எஞ்சின் விளக்கு: எங்கே தவறுகிறோம்?

என் காரின் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஐந்து மாதங்களில் நான்கு முறை எரிந்தது. முதல் மூன்று முறையும் பட்டறையில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள், அதில் பதிவானதை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, பத்து நாள் கழித்து மறுபடி எரிந்தது. இடையில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒன்றையும் மாற்றியாயிற்று. நான்காவது முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் அழிப்பதற்கு முன், என்ன வகைப் பழுது என்று கணினி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தில், எஞ்சினுக்குப் பின்புறம் விரிசல் விட்டிருந்த ஒரு சிறு ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினார். மாற்றப்பட்ட பழைய சென்சாரில் குறையே இருந்திருக்கவில்லை.

படிக்காமல் அழிப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். விளக்கு எரியும் அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று ஓடிக்கொண்டிருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது, குளிர்நீர் எவ்வளவு சூடாக இருந்தது, எஞ்சின் மேல் எவ்வளவு சுமை இருந்தது என்பதையெல்லாம் காரின் கணினி குறியீட்டோடு சேர்த்துப் பதிந்து வைக்கிறது. அழிக்கும் பொத்தானை அழுத்தினால் இந்தத் தடயம் முழுவதும் போய்விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதே கதிதான். அதோடு, பெட்ரோலை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று கணினி கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்த அளவுகளும் அழிந்து, சில நாட்களுக்கு ஐட்லிங் தடுமாறக்கூடும். அழித்தபின் கார் தன் சுயசோதனைகளை முதலிலிருந்து முடிக்க வேண்டும். அது முடிவதற்குள் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், கணினியைப் படிக்கும் சோதனை நிலையங்களில் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அழித்த பிறகு விளக்கு சில நாள் எரியாமல் இருப்பதைக் கண்டு பழுது தீர்ந்ததாக நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன். பல பழுதுகளைக் கணினி அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் (எஞ்சினைக் கிளப்பி ஓட்டி அணைப்பது ஓர் ஓட்டம்) கண்டால்தான் விளக்கை ஏற்றும். அதற்குரிய சோதனையோ குறிப்பிட்ட வெப்பமும் வேகமும் அமையும்போது மட்டுமே நடக்கும். அந்த இடைவெளியைத்தான் நாம் குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். பழுது உண்மையிலேயே நீங்கியிருந்தால், பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் குறையின்றி முடிந்ததும் விளக்கு தானாகவே அணைந்துவிடும்.

அடுத்த தவறு, குறியீட்டை உதிரிபாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வது. பணம் அதிகம் கரைவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் காரில் வந்தது பி0171. எஞ்சினுக்குள் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் பிசகியதை ஆக்சிஜன் சென்சார் சரியாகக் கவனித்துச் சொன்னது. சொன்ன சாட்சியையே குற்றவாளியாக்கிக் கழற்றி எறிந்தோம். பார்த்திருக்க வேண்டியது எரிபொருள் திருத்த அளவு. நேரலை அளவுகளைக் காட்டும் எந்த ஸ்கேனரிலும் இது தெரியும். ஐட்லிங்கில் +20 சதவீதம் காட்டி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றும்போது பூஜ்யத்தை நெருங்கினால், கணக்கில் வராத காற்று எங்கோ ஒழுகி உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். சுமை ஏற ஏற அளவும் ஏறினால் எரிபொருள் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்று அளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும்.

இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பி0302 வந்தால், ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைப் புதிதாக வாங்குவதற்கு முன், சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள எஞ்சின்களில் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போகலாம். பி0420 வந்தவுடன், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வது இன்னும் கொடுமை. அது காரின் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று. புகைக் குழாயில் கசிவு இருந்தாலும் இந்தக் குறியீடு வரலாம். கன்வெர்ட்டரே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது எரியாத பெட்ரோலா, உள்ளே எரியும் எஞ்சின் ஆயிலா என்று கண்டுபிடிக்காமல் புதிதைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும்.

விளக்கு நிலையாக எரிவதும் விட்டுவிட்டு மின்னுவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், சில நாட்களுக்குள் காட்டினால் போதும். மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வெப்பத்தில் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடக்கூடும். உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டிவிடாதீர்கள். சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால் எஞ்சினையே அணைத்துவிட வேண்டும்.

மாதக்கணக்கில் எரியும் விளக்கோடு பழகிவிடுகிறவர்களும் உண்டு. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கால் நாளை வரும் புதிய பழுதைச் சொல்ல முடியாது.

டேங்க் மூடி தளர்ந்திருந்தாலும் சில கார்களில் இந்த விளக்கு வரும். மூடியை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை திருகுங்கள், அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியவுடனே விளக்கு அணையாது; சில நாள் ஆகும். பம்ப் தானாக நின்ற பிறகும் மேலும் மேலும் நிரப்பினால், ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோல் இறங்கி அதுவும் கெடும்.

பட்டறையில் ‘விளக்கு எரிகிறது’ என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வதும் தவறுதான். காலையில் முதல் முறை கிளப்பும்போதா, மழைக்குப் பிறகா, மேட்டில் ஏறும்போதா, பெட்ரோல் போட்ட மறுநாளா என்று ஒவ்வொரு முறையும் கைபேசியில் குறித்து வையுங்கள். எலி கடித்த ஒயர், ஈரம் இறங்கிய இணைப்பு, துருப்பிடித்த எர்த் கம்பி போன்றவை பட்டறையில் நிற்கும்போது ஒழுங்காக இருந்து, ஓடும்போது மட்டும் தொல்லை தரும். உங்கள் குறிப்புதான் அங்கே வழிகாட்டும். சம்பந்தமில்லாத பல குறியீடுகள் ஒன்றாக வந்தால் முதலில் பேட்டரி மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் அது கெட்டதாகத் தெரிந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வேலை முடிந்து நான்கைந்து நாள் ஓட்டிய பிறகு, விளக்கு எரியாவிட்டாலும் ஒருமுறை ஸ்கேனரைச் செருகி, இன்னும் உறுதியாகாத நிலுவைக் குறியீடு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடிக்கும்வரை அழிக்கும் பொத்தானைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.