மலைப் பைனை இனங்கண்டு வளர்க்கும் முறை
மலேசியாவில் உள்ள கேமரன் மலையின் ரிங்லெட் போன்ற தோட்டப் பட்டணங்களில் சவுக்கையே பைன் என்று எண்ணுவோர் உண்டு. ஐயமிருந்தால் ஓர் ஊசியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சவுக்கின் பசுங்குச்சி கணுக்கணுவாகக் கழன்றுவரும். பைன் ஊசிகளோ அடியில் மெல்லிய உறைக்குள் கொத்தாக நிற்கும். கொத்துக்கு இரண்டு நீள ஊசிகள் இருந்தால் அது சுமத்ராவின் மெர்குசி பைனாகவும், பெரும்பாலும் மூன்று இருந்தால் கரிபியப் பைனாகவும் இருக்கக்கூடும். ஆல்ப்ஸ் மலையின் குட்டைப் பைனுக்குக் கடுங்குளிர்காலம் தேவை என்பதால், அதை இங்கே நட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரிபியப் பைன் விதையை ஓரிரவு ஊறவைத்து, மணல் கலந்த, நீர் தேங்காத மண்ணில் மேலாக விதையுங்கள். வேரோடு கூடிவாழும் பூஞ்சை இல்லாவிட்டால் நாற்று மஞ்சளித்துக் குன்றிவிடும் என்பதே பலர் கவனிக்காத செய்தி. ஆகவே, நன்கு வளர்ந்த பைனின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நாற்றுப் பையில் அவசியம் கலந்துவிடுங்கள். பிறகு முழு வெயிலில் நடுங்கள்.