பழைய ஸ்போர்ட் டூரர் பைக் பார்க்கப் போகிறீர்களா? மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள்

இரண்டு மூன்று பழைய ஸ்போர்ட் டூரர்களை, அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கான வேகமான பைக்குகளை, ஒப்பிடும்போது ஒவ்வொன்றையும் இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்கி, ஹெட்லைட், சூடாகும் கைப்பிடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இன்ஜினை 5000 ஆர்பிஎம்மில் வைத்து பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 13-க்குக் கீழே போனாலோ 15-ஐத் தாண்டினாலோ சார்ஜிங்கில் கோளாறு, அதைச் சரிசெய்யும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

இந்த வகைப் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் ஸ்டேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) தரும் உபரி மின்சாரத்தை ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் (அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் பாகம்) வெப்பமாகவே கழிக்கிறது, அதோடு பைக்கின் வெளிமூடியான ஃபேரிங்குக்குள் காற்றோட்டமும் குறைவு, அதனால் அந்த ரெகுலேட்டர் வருடக்கணக்கில் வெந்து போகிறது. ஹோண்டா விஎஃப்ஆர்800-இல் இது பேர்போன தொல்லை. குளிர்ந்த இன்ஜினில் அளந்தால் பல சமயம் எல்லாம் சரியாகவே காட்டும், சூடாக்கச் சொல்வது அதற்காகத்தான். அப்புறம் ஸ்டேட்டரிலிருந்து வரும் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் நம்பாதீர்கள்.

பேட்டரி ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தால் இந்த அளவு ஏமாற்றும், நல்ல பேட்டரி மாட்டித்தான் அளக்க வேண்டும். இன்ஜின் வால்வுகளுக்கு விட வேண்டிய சிறு இடைவெளியைப் பற்றியும் இது எதுவும் சொல்லாது. யமஹா எஃப்ஜேஆர்1300-க்கு ஏறக்குறைய 42,000 கிலோமீட்டரில் அந்த இடைவெளிச் சோதனை, ஹோண்டா எஸ்டி1300-க்கு சுமார் 26,000-இலேயே. அது நடந்ததா என்று தெரிய சர்வீஸ் ரசீதைத்தான் கேட்க வேண்டும்.