ஒழுங்கற்ற எக்ஸ்எம்எல் கோப்புகளிலிருந்து புள்ளிவிவரம் எடுத்தல்

வரையறுத்த கட்டமைப்பு இல்லாத எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதி வைக்கும் வடிவம்) கோப்புகளில் சராசரியைத் தேடும் முன், அவற்றில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் எலிமென்ட்ட்ரீ நூலகத்திலுள்ள ஐட்டர்பார்ஸ் மூலம் கோப்பைப் பகுதி பகுதியாகப் படித்து, ஒவ்வொரு குறிச்சொல்லையும் பண்பையும் (குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதப்படும் விவரம்) அதன் முழுப் பாதையோடு, எண்ணிக்கை வைக்கும் கவுண்டரில் சேர்த்து வாருங்கள். விலை ஓரிடத்தில் தனிக் குறிச்சொல்லாகவும் வேறோரிடத்தில் பண்பாகவும் எழுதப்பட்டிருப்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். பெரிய கோப்பென்றால், கையாண்டு முடித்த பதிவை உடனுக்குடன் நினைவகத்திலிருந்து கிளியர் செய்யுங்கள்.

மதிப்பு இல்லாமையும் பூஜ்யமும் ஒன்றல்ல. பெரும்பாலான தவறான சராசரிகள் இங்குதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. குறிச்சொல்லின் உள்ளடக்கத்தை எடுக்கும் ஃபைண்ட்டெக்ஸ்ட், குறிச்சொல்லே இல்லாவிட்டால் ‘நன்’ (None) என்ற மதிப்பையும், குறிச்சொல் இருந்து உள்ளே எதுவும் இல்லாவிட்டால் வெற்றுச் சரத்தையும் திருப்பித் தருவதால், இரண்டையும் தனித்தனியே எண்ண முடியும். ‘1,250’ என்பதை, எழுத்தை எண்ணாக மாற்றும் ஃப்ளோட் ஏற்காது, காற்புள்ளியை நீக்கியபின்தான் மாற்ற வேண்டும். ஆனால் சில நாடுகளின் வழக்கில் காற்புள்ளியே தசமக் குறி என்பதால், கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடக் கூடாது. மாற்ற முடியாதவற்றை விட்டுவிடாமல் தனிப் பட்டியலில் சேமித்து, கண்ணால் பாருங்கள்.

மூடப்படாத குறிச்சொற்கள் உள்ள கோப்பை எல்எக்ஸ்எம்எல் நூலகத்தின் ரெக்கவர் தேர்வு ஓரளவு படித்துவிடும். அது சில பகுதிகளைச் சத்தமின்றிக் கைவிடக்கூடும் என்பதால், கிடைத்த பதிவுகளின் எண்ணிக்கையை மூலக் கோப்பில் கிரெப் என்ற தேடல் கட்டளை காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.