எடை குறைந்த வேட்டை ரைஃபிள்: மூன்று ஓட்டைகளை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கான ரைஃபிள் சீசன் அக்டோபர் நடுவில் தொடங்கும். ஆகஸ்ட் பிறந்தாலே, சுட்டுப் பழகும் ரேஞ்சில் பெஞ்ச் கிடைக்காது. போன ஆகஸ்டில் என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பியைக் கூட்டிப்போனேன். கையில் புத்தம்புது கார்பன் ரைஃபிள். ஸ்கோப்போடு நாலாயிரம் டாலர் தாண்டியிருக்கும். மூன்று கம்பெனித் தோட்டாக்களை மாற்றி மாற்றிப் போட்டு, இருபது நிமிடத்தில் இருபது முறை சுட்டான். குழலைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “இது சரியில்லண்ணா, திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்” என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே பெஞ்சில் அதே வேலையைச் செய்தவன் நான்.

ஸ்கோப் மவுண்ட் ஆடுகிறதா, குழல் சுத்தமா என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். எடை குறைந்த ரைஃபிளில் பலர் தவறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ரைஃபிளை மட்டும் எடை போடுவது

விளம்பரத்தில் 5 பவுண்டு என்று இருந்தால் அது வெறும் ரைஃபிள். ஸ்கோப், மவுண்ட், வார், தோட்டா எல்லாம் சேர்த்துத்தான் தோளில் ஏறும். பணத்தைக் கொட்டி அரை கிலோவைக் குறைத்துவிட்டு, அதன்மேல் ஒரு கிலோ ஸ்கோப்பை மாட்டுகிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். எடை தலையில் ஏறிக்கொள்வதால் கையில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். 350 கிராம் அளவில் நல்ல வேட்டை ஸ்கோப்புகள் இருக்கின்றன.

மூன்று தோட்டாவில் தீர்ப்பு எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

அப்போது நான் வைத்திருந்தது .308 தோட்டா போடும் ஒரு ரைஃபிள். ஸ்கோப்போடு ஆறரை பவுண்டு. வாங்கிய அன்று 100 கெஜத்தில் மும்மூன்றாக இரண்டு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) சுட்டேன். இரண்டுமே ஒரு அங்குலத்துக்குள். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் காட்டினேன். அடுத்த மாதம் ஒரு குரூப் இரண்டரை அங்குலத்துக்கு விரிந்தது. அவ்வளவுதான், ரைஃபிள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஐந்து வகைத் தோட்டா வாங்கினேன், ஸ்கோப்பை மாற்றினேன், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கட்டையில் (குழலைத் தாங்கும் உடலில்), தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் இயக்கப் பகுதியான ஆக்‌ஷன் உட்காரும் இடத்தைப் புதிதாக வார்க்கச் சொன்னேன். அறுநூறு டாலருக்கு மேல் போயிற்று. குரூப் சில நாள் சுருங்கியது, சில நாள் விரிந்தது. கடைசியில் நஷ்டத்துக்கு ஒரு பெரியவரிடம் விற்றேன். அவர் இன்றும் அதையே சுமக்கிறார். இதுவரை நான்கு எல்க் விழுந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் நன்றி வேறு சொல்கிறார்!

ரைஃபிளில் கோளாறே இல்லை. அது முதல் நாளிலிருந்தே ஒன்றரை அங்குல ரைஃபிள்தான். முதல் இரண்டு குரூப் சிறிதாக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

கணக்கு இதுதான். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா. மூன்று தோட்டா குரூப்புகளின் சராசரி ஒரு அங்குலம் என்றால், ஐந்து தோட்டா குரூப் சராசரியாக ஒன்றேகால் அங்குலம் வரும்; பத்து தோட்டா என்றால் ஒன்றரைக்குச் சற்று மேல். சுடச்சுட, ஓரத்தில் போய் விழும் தோட்டாவும் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா? அதிலும் மூன்று தோட்டா குரூப்பின் அளவு கண்டபடி ஏறி இறங்கும். சராசரியில் பாதிக்கும் குறைவான குரூப் நடுநடுவே தானாக வந்து விழும். பழைய ரைஃபிள் விற்கிறவர் காட்டுவது அந்தத் தாளைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. மற்ற தாள்களைக் குப்பையில் போட்டுவிட்டார்.

மெல்லிய குழல் இதை இன்னும் குழப்பும். இரும்பு குறைவு, அதனால் சட்டென்று சூடேறும். குழல் செய்தபோது இரும்புக்குள் ஏற்பட்ட இறுக்கம் மிச்சமிருந்தாலோ, கட்டையில் எங்காவது உரசினாலோ, சூட்டில் குறி ஒரு பக்கமாக நகரும். தம்பியின் இருபதாவது தோட்டா சொன்னது சூடான குழலின் கதை. மலையில் அந்தக் கதை யாருக்கு வேண்டும்? அங்கே சுடப்போவது குளிர்ந்த குழலில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அதனால் இப்போது நான் செய்வது இது. ஒரே தாள், ஒரே வகைத் தோட்டா. ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் தோட்டா அந்தத் தாளில். பிறகு தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, மற்றப் பயிற்சியை வேறு தாளில் வைத்துக்கொள்வேன். பத்து நாளில் பத்து ஓட்டை. அவை 100 கெஜத்தில் 2 அங்குல வட்டத்துக்குள் அடங்கினால் 300 கெஜத்தில் 6 அங்குலம். எல்க்கின் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம்) அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ரைஃபிள் போதும். மலையில் தப்பும் குறிக்குக் காரணம் பெரும்பாலும் மூச்சிரைப்பும் ஆடும் முழங்காலும்தான்.

பெஞ்சில் தளர்வாகப் பிடிப்பது

கனமான ரைஃபிள் மணல்மூட்டையில் தானே படுத்துக்கொள்ளும். எடை குறைந்தது துள்ளும். முன்கட்டையைக் கையால் பிடியுங்கள், தோளில் ஒரே அழுத்தமாக இருக்கட்டும். பிடி மாறினால் குரூப்பும் மாறும். பழி ரைஃபிள்மேல் விழும்.

மேக்னம் ஆசை

9 பவுண்டு ரைஃபிளை 6 பவுண்டாக்கினால் அதே தோட்டாவின் உதை ஒன்றரை மடங்கு. மருந்து அதிகம் அடைத்த மேக்னம் தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னத்தை அப்படிச் சுட்டுப் பாருங்கள். நாலாவது தோட்டாவுக்குக் கண் தானாக மூடும். அப்புறம் அளப்பது ரைஃபிளின் துல்லியத்தை அல்ல, உங்கள் பயத்தை. உதை குறைந்த 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மோர் தோட்டா போதும்.

கட்டைத் திருகுகள்

ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் இந்தத் திருகுகளை எப்போதும் ஒரே அளவில் இறுக்க டார்க் ரெஞ்ச் வாங்குங்கள்.

விசை

5 பவுண்டு ரைஃபிளுக்கு, இழுக்க 5 பவுண்டு அழுத்தம் கேட்கும் விசை (ட்ரிகர்) வேண்டாம்.

விலையைத் துல்லியம் என்று நினைப்பது

1980களில் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் ஆக்‌ஷனைச் சிறிதாக்கி, கெவ்லார் என்ற வலுவான இழை கலந்த கட்டை போட்டு, 5 பவுண்டு அளவில் நன்றாகச் சுடும் ரைஃபிள்களைச் செய்து காட்டினார். லேசானது என்றாலே சிதறும் என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். இப்போது பேச்சு மறுபக்கம் சாய்ந்துவிட்டது: விலை ஏற ஏற குரூப் சுருங்குமாம். ஆயிரம் டாலர் அளவில் கிடைக்கும் டிக்கா டி3எக்ஸ் லைட் ரைஃபிள், ஸ்கோப் இல்லாமல் 3 கிலோவுக்குள்தான். அதைவிட மூன்று நான்கு மடங்கு கொடுத்து கார்பனும் டைட்டானியமும் வாங்கினால் குறைவது அரை கிலோ. பத்தாயிரம் அடி உயரத்தில் நாள் முழுக்க நடப்பவருக்கு அந்த அரை கிலோ பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் காசு போனது எடைக்கு. வண்டியிலிருந்து அரை மைல் நடந்து மரத்தடியில் உட்காருகிறவர் அந்தப் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகலாம்.

தம்பி ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் தாளில் இதுவரை ஏழு ஓட்டைகள். ஆறு நெருக்கமாக, ஒன்று சற்றுத் தள்ளி. அந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா என்று நேற்றுகூடக் கேட்டான்.