கார் இல்லாத மியூரனுக்குக் குளிர்காலத்தில் போவது எப்படி? பெட்டியோடு வாசல் வரை

சுவிட்சர்லாந்தில் லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம், செங்குத்தான பாறைச்சுவருக்கு மேலே 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் மியூரன். எதிரே ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கும். ஊருக்குப் பொதுச் சாலை கிடையாது. கேபிள் காரில்தான் ஏற வேண்டும்.

போட்டோவைப் பார்த்து ஆசைப்பட்டு ரூம் போட்டுவிட்டு, அப்புறம் "சரி, அங்கே எப்படிப் போறது, பெட்டியை யார் தூக்குறது?" என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, இன்சூரன்ஸ், விமான டிக்கெட் பற்றி இதில் எதுவும் இருக்காது.

சுவிட்சர்லாந்தின் இன்னொரு மலையூரான செர்மாட்டும் கார் இல்லாத ஊர்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அது பெரிய ஊர். மின்சார டாக்சிகள் ஓடிக்கொண்டே இருக்கும், தெருவில் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். மியூரனை ஒரு நடையில் முழுக்கச் சுற்றிவிடலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு மியூரனுக்குத்தான்.

படி 1: தேதி

குளிர்காலம்தானே என்று நவம்பரில் போகாதீர்கள். இலையுதிர் கூட்டம் முடிந்து பனிச்சறுக்கு சீசன் தொடங்குவதற்கு முன்னால்தான் கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். பாதி ஹோட்டல்களும் உணவகங்களும் பூட்டியிருக்கும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள் வரைதான் சீசன்.

ஜனவரியில் இரண்டு போட்டிகளின் தேதிகளைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். ஒன்று மியூரனிலேயே நடக்கும் இன்ஃபெர்னோ. ஊருக்கு மேலே நிற்கும் ஷில்ட்ஹார்ன் மலையின் உச்சிப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கு வரை சறுக்கி இறங்கும் இந்தப் போட்டி 1928-இல் தொடங்கியது. இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்கிறார்கள், அந்த வாரம் ஊரில் இடமே கிடைக்காது. இன்னொன்று எதிர்ப்பக்கம் வெங்கனில் நடக்கும் லவுபர்ஹார்ன் உலகக் கோப்பைப் பந்தயம். அந்த நாட்களில் லவுட்டர்புருனன் ரயிலில் நிற்கத்தான் இடம். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் மாறி மாறி வரும். அதனால் நான் மார்ச் முதல் பாதியைத்தான் சொல்வேன்: பகல் நீளம், பனியும் இருக்கும்.

படி 2: ஊரின் எந்த முனை?

ரூம் போடும் முன்பே இதைப் பார்க்க வேண்டும். மியூரனுக்கு இரண்டு வாசல்கள். வடக்கு முனையில் ரயில் நிலையம்: பள்ளத்தாக்கின் அடியிலுள்ள லவுட்டர்புருனன் ஊரிலிருந்து குரூட்ச்சால்ப் வரை கேபிள் கார், அங்கிருந்து குட்டி ரயில். தெற்கு முனையில் ஷில்ட்ஹார்ன் கேபிள் கார் நிலையம்: லவுட்டர்புருனனிலிருந்து பஸ்ஸில் ஷ்டெக்கல்பெர்க் போய் அங்கே ஏற வேண்டும். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குச் சும்மா கையை வீசி நடந்தால் கால் மணி நேரம். பனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கணக்கு செல்லாது.

ஆகவே ஹோட்டலை வரைபடத்தில் பாருங்கள், எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள், அதற்கேற்ற வழியில் ஏறுங்கள். பயணச் செயலி எது வேகமோ அதைத்தான் காட்டும். உங்கள் பெட்டியின் எடை அதற்குத் தெரியாது. ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு "எந்த நிலையத்தில் இறங்கட்டும், பெட்டியை எடுத்துப் போக ஆள் வருமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. பல ஹோட்டல்கள் மின்சார வண்டி அனுப்பும், ஆனால் நேரம் சொல்லியிருந்தால்தான். அபார்ட்மெண்ட் எடுத்தால் பெரும்பாலும் நம் கைதான் துணை.

படி 3: டிக்கெட்

நாடு முழுக்க ரயில், பஸ்ஸில் போகும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் மியூரன் வரை எல்லாமே அதில் அடங்கும். அதற்கு மேலே ஷில்ட்ஹார்ன் போக பாதி விலை. ஒரே ஊரில் உட்கார்ந்திருக்கப் போகிறவர்களுக்கு அந்த பாஸ் வீண்செலவு. டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் ஹாஃப் ஃபேர் கார்டு வாங்கிக்கொண்டு தனித்தனியாக டிக்கெட் எடுப்பதுதான் கட்டுபடியாகும். குழந்தைகள் இருந்தால் சுவிஸ் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள்: 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு இலவசமாக வரலாம். கேட்காவிட்டால் சிலர் தர மறந்துவிடுவார்கள்.

செயலி என்றால் சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. மொபைல் ஒன்று போதும். மூன்றாம் ஆள் டிக்கெட் தளங்கள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: இன்டர்லாக்கன் ஓஸ்ட்டில் சரியான ரயில் பெட்டியில் ஏறுதல்

சூரிக் விமான நிலையத்திலிருந்து மியூரன் வாசலுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். அதில் சிக்கல் வருவது ஒரே இடத்தில்தான்.

முதலில், இன்டர்லாக்கனில் இரண்டு நிலையங்கள்: வெஸ்ட் (மேற்கு), ஓஸ்ட் (கிழக்கு). பெர்னிலிருந்து வரும் ரயில் வெஸ்ட்டில் நிற்கும்போது கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். நீங்கள் அசையாதீர்கள். அடுத்தது ஓஸ்ட், ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் வரும் அந்த வண்டிக்கு அதுதான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து மலைக்குப் போவது அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் ரயில், அதனால் கட்டாயம் மாறியாக வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். பிளாட்பாரத்தில் நிற்கும் அந்த மலை ரயில் பார்க்க ஒரே ரயில், ஆனால் இரண்டு ஊருக்குப் போகிறது. ட்ஸ்வைலூட்சினன் என்ற சின்ன நிலையத்தில் இரண்டு ஆறுகள் கலக்கின்றன, பள்ளத்தாக்கும் இரண்டாகப் பிரிகிறது, ரயிலும் அங்கேயே இரண்டாகக் கழற்றப்படுகிறது. ஒரு பாதி லவுட்டர்புருனனுக்கு, மறு பாதி கிரிண்டல்வால்டுக்கு. தவறான பாதியில் உட்கார்ந்தால், நல்ல காட்சிகளைப் பார்த்துக்கொண்டே வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடுவீர்கள்.

என்ன செய்ய வேண்டும்? பிளாட்பாரத்தில் ஏ, பி, சி, டி என்று பகுதி எழுத்துகள் தொங்கும். அறிவிப்புப் பலகையில் லவுட்டர்புருனன் பெயருக்கு நேரே எந்த எழுத்துகள் இருக்கின்றன என்று பார்த்து அங்கே போய் நில்லுங்கள். ஏறும் முன் ரயில் பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் ஊர்ப் பெயரை இன்னொரு முறை படியுங்கள். "ஏறிட்டு உள்ளேயே நடந்து மாறிக்கலாம்" என்று நம்ப வேண்டாம். "முன் பாதிதான் லவுட்டர்புருனன்" என்று யாராவது எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம், அன்றைக்குப் பலகை என்ன சொல்கிறதோ அதுதான். குடும்பமாகப் போகும்போது ஒருவர் பெட்டிகளோடு ஒரு கதவிலும் மற்றவர் பிள்ளைகளோடு இன்னொரு கதவிலும் ஏறுகிற பழக்கத்தை இந்த ஒரு ரயிலில் மட்டும் விட்டுவிடுங்கள்.

மாறி ஏறியது வழியில் தெரிந்தால் பதற்றம் வேண்டாம். ட்ஸ்வைலூட்சினனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கி அடுத்த பாதிக்கு ஓடிவிடலாம்.

படி 5: மேலே ஏறுதல்

லவுட்டர்புருனனில் இறங்கியதும் எல்லோரும் வெங்கன் ரயிலை நோக்கிப் போவார்கள். மியூரனுக்கு அது இல்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் குரூட்ச்சால்ப் கேபிள் கார் நிலையம். சுரங்கப்பாதை வழியாகவே போய்விடலாம். ஒருகாலத்தில் இங்கே கம்பிவட ரயில் (சரிவுத் தண்டவாளத்தில் கம்பி வடம் இழுத்து ஏற்றும் ரயில்) இருந்தது, 2006-இல் கேபிள் கார் வந்தது. கண்ணைக் கொஞ்சம் கீழே விடுங்கள்: நாம் நிற்கும் கூண்டுக்கு அடியில் ஒரு சரக்கு மேடை தொங்கும். மேலே இருக்கிற கடைக்கும் சமையலறைகளுக்கும் வேண்டிய சாமான்கள் அதில்தான் ஏறுகின்றன. ஊரில் காபி ஏன் அந்த விலை என்று அங்கேயே புரிந்துவிடும்.

குரூட்ச்சால்ப்பில் வெளியே வந்தால் ரயில் காத்திருக்கும். கால் மணி நேரப் பயணம், இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலைகள் அந்தப் பக்கம்தான். 1891-இல் போட்ட பாதை இது.

தெற்கு முனை ஆட்கள் 141-ஆம் எண் பஸ்ஸில் ஷ்டெக்கல்பெர்க் போங்கள். 2024 டிசம்பரில் அங்கிருந்து மியூரனுக்கு நேரடியாக ஒரு புது கேபிள் கார் வந்துவிட்டது. உலகிலேயே மிகச் செங்குத்தானது என்கிறார்கள், சரிவு 159 சதவீதம். 775 மீட்டர் உயரத்தை ஏறச் சுமார் நான்கு நிமிடம். உயரம் என்றாலே தலைசுற்றுகிறவர்கள் குரூட்ச்சால்ப் வழியையே வைத்துக்கொள்ளலாம். கார் எடுத்து வருகிறவர்களுக்கு லவுட்டர்புருனனிலும் ஷ்டெக்கல்பெர்க்கிலும் நிறுத்துமிடம் உண்டு.

படி 6: கால், கை, பெட்டி

மியூரன் தெருவில் பனியை முழுக்கச் சுரண்டி எடுக்க மாட்டார்கள். மிதிபட்டு இறுகி வெள்ளைத் தரையாகவே கிடக்கும். சக்கரப் பெட்டியின் குட்டிச் சக்கரங்களில் பனி அப்பிக்கொண்டு, கொஞ்ச தூரத்திலேயே அவை உருள்வதை நிறுத்திவிடும். அதன் பிறகு நீங்கள் இழுப்பது நெல் வயலில் ஏர் ஓட்டுவதுதான். முதுகுப் பையோடு வாருங்கள், அல்லது பெரிய பெட்டியை சுவிஸ் ரயில்வேயின் லக்கேஜ் சேவையில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஊர்க்காரர்கள் கடைச் சாமானையும் குழந்தையையும் மரச் சறுக்குவண்டியில் வைத்துக் கயிற்றால் இழுத்துப் போவார்கள், அதுதான் அங்கே சரியான வாகனம்.

விலை உயர்ந்த ஜாக்கெட்டை விட முக்கியம் காலணி. நீர் புகாத, கணுக்காலை மூடும் பூட். அதன் மேல் மாட்டும் ரப்பர் ஸ்பைக் ஒரு ஜோடி. மாலையில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக உறைந்த பிறகு, இந்த ஸ்பைக் இல்லாமல் சாப்பிடப் போவதும் வீரச்செயல்தான். கட்டடத்துக்குள்ளும் கேபிள் காரிலும் கழற்றிவிடுங்கள். உடம்புக்கு மெரினோ கம்பளியில் ஒரு தெர்மல், நடுவே ஃப்ளீஸ், மேலே காற்றைத் தடுக்கும் சட்டை. பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயவே காயாது. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், அதை உள்பாக்கெட்டில் வையுங்கள்.

படி 7: பனிச்சறுக்கு தெரியாதவர்கள் என்ன செய்வது?

இந்தச் சின்ன ஊருக்குப் பனிச்சறுக்கு வரலாற்றில் பெரிய இடம். ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர் 1922-இல் நவீன ஸ்லாலம் பந்தயத்தை, அதாவது கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்குவதை, இங்கேதான் நடத்தினார். 1931-இல் மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் ஆல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் இங்கேதான். ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஊருக்குள்ளிருந்தே கிளம்பும் கம்பிவட ரயிலில் 1,907 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்மெண்ட்ஹூபல் போய், வாடகைச் சறுக்குவண்டியில் இறங்கி வரலாம். குதிகாலை ஊன்றித்தான் பிரேக். ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள்.

நடப்பதற்கு இளஞ்சிவப்பு நிறப் பலகைகளைப் பின்பற்றுங்கள். அவைதான் குளிர்காலப் பாதைகள். மஞ்சள் பலகைகள் கோடைக்கானவை, அந்தப் பாதை பனிக்கு அடியில் எங்கே இருக்கிறதோ யாருக்குத் தெரியும். வின்டரெக்கிலிருந்து மியூரன் வரையான பாதை சுலபமானது.

2,970 மீட்டர் ஷில்ட்ஹார்ன் உச்சிக்கு டிக்கெட் வாங்கும் முன் நேரலை கேமராவைப் பாருங்கள். கீழே மூடுபனி என்று சோர்ந்துவிட வேண்டாம்; பல நாட்கள் மேகம் பள்ளத்தாக்கோடு நின்றுவிடும், மேலே வெயில் அடிக்கும். நேர்மாறாகவும் நடக்கும்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனிக்க: ரோஷ்டி எனும் உருளைக்கிழங்கு வறுவலில் பன்றி இறைச்சித் துண்டுகள் வரலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீஸ் ஃபாண்ட்யூவில் வெள்ளை ஒயினும் கிர்ஷ் சாராயமும் சேர்ப்பது வழக்கம். குரூயேர் போன்ற பாரம்பரியச் சீஸ்களில் கன்றின் வயிற்றுச் சுரப்பு பயன்படுகிறது. இதெல்லாம் ஒத்துவராது என்றால் சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுங்கள். ஊரில் கூப் என்ற சூப்பர் மார்க்கெட் ஒன்று இருக்கிறது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளைக் கீழிருந்தே கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீர் அருமை.

பின்சேர்க்கை (கருத்துப் பெட்டியில் வந்த கேள்விகளால்)

புயல் அடித்தால்? பலமான காற்று, குறிப்பாக ஃப்யோன் எனும் தென்காற்று, கேபிள் காரை நிறுத்திவிடும். ஒரு வழி நின்றாலும் இன்னொன்று ஓடக்கூடும், செயலியில் இரண்டையும் பாருங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைக் கீழே இன்டர்லாக்கனிலோ சூரிக்கிலோ வைத்துக்கொள்வது நிம்மதி.

நம்ம ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. இரண்டு மெல்லிய முனை ஐரோப்பிய பிளக் நுழையும். லேப்டாப்புக்கு சுவிஸ் அடாப்டர் தனியாக வேண்டும்.

மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போகலாம், ஆனால் ஹோட்டல் இறங்கும் நிலையத்துக்கு அடுத்த கட்டடமாக இருக்கட்டும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 144, ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. மருத்துவக் காப்பீட்டில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

கைக்குழந்தை தள்ளுவண்டி: வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முதுகுச் சாய்வு வைத்த சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்குமா என்று ஹோட்டலுக்கு எழுதும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.