பழைய டிரம்பெட் கையில் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கலைந்துபோன பேண்டு செட்டிலிருந்து சல்லிசாக வந்தது, சர்ச் பரணில் பல வருஷமாகக் கிடந்தது, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது என்று ஏதோ ஒரு வழியில் ஒரு பழைய டிரம்பெட் கையில் வந்து சேர்கிறது. எடுத்து ஊதினால் காற்று மட்டும் புஸ்ஸென்று போகிறது. உடனே "எனக்குத் தம் பத்தவில்லை" என்று பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள். என்னிடம் வந்து கேட்டவர்களில் பலருக்குப் பிரச்சினை நுரையீரலில் இல்லை, வாத்தியத்தில்தான் இருந்தது. நானும் முதல் ஆறு மாதம் என் நடுவிரல்தான் மந்தம் என்று நினைத்துக்கொண்டு விரல் பயிற்சி செய்தேன். கடைசியில் பார்த்தால் விரலால் அழுத்தும் மூன்று பிஸ்டனில் இரண்டாவது உள்ளே உரசிக்கொண்டிருந்தது. அதனால் ஊதுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் வாத்தியத்தைப் பாருங்கள்.

மூன்று பிஸ்டனையும் ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தி விடுங்கள். விட்ட நொடியில் மேலே துள்ளி வரவேண்டும். இரண்டாவது மட்டும் திக்கித் திக்கி வந்தால், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன இரண்டாவது ஸ்லைடைக் (இழுத்தால் கழன்று வரும் வளைகுழாய்) கவனியுங்கள். டிரம்பெட்டைக் கீழே வைக்கும்போது முதலில் அடி வாங்குவது அதுதான். அங்கே விழுந்த ஒரு இடி, பிஸ்டன் ஏறி இறங்கும் வால்வு உறையை மயிரிழை அளவு நசுக்கினால் போதும், பிஸ்டன் சிக்கும். எத்தனை எண்ணெய் விட்டாலும் அது தீராது, பழுது பார்ப்பவரிடம்தான் போகவேண்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தேய்த்தால் அது அகலமாகி நிரந்தரமாகக் காற்று ஒழுகும்.

அடுத்து காற்று ஒழுகுகிறதா என்று பாருங்கள். பிஸ்டனை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெதுவாக வெளியே இழுத்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பிடித்து இழுக்கும், கழன்று வரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நல்ல சகுனம். பிடிப்பே இல்லாமல் வழவழவென்று வந்தால் பிஸ்டனோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு மட்டும்தான் அழுத்தாமல் இழுப்பது. மற்ற நாட்களில் எந்த ஸ்லைடை இழுத்தாலும் அதற்குரிய பிஸ்டனை அழுத்திக்கொண்டே இழுங்கள்.

வாய் வைத்து ஊதும் மௌத்பீஸைச் செருகும் நீண்ட குழாயின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். டிரம்பெட் செய்யும் சாதாரண மஞ்சள் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வருஷக்கணக்கில் எச்சிலும் ஈரமும் உள்ளேயே தங்கினால் துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே தெரியும் நசுங்கல், நிறம் மங்கல், கீறல் எல்லாம் பார்க்க அசிங்கமே தவிர ஒலியை அவ்வளவாகக் கெடுக்காது. பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள், வால்வைப் பார்த்து வாங்குங்கள்.

மௌத்பீஸ் சிக்கிக்கொண்டு வரவில்லையா? குறடு போடாதீர்கள், கதவிடுக்கில் வைத்துத் திருகாதீர்கள். குழாய் முறுக்கிக்கொண்டு, பற்றுவைத்த இணைப்பு கழன்றுவிடும். பழுது பார்ப்பவர்களிடம் இதற்கென்றே ஒரு இழுப்பான் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. இனிமேல் செருகும்போது உள்ளங்கையால் தட்டிச் செருகாமல் லேசாக ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் சிக்கவே சிக்காது.

சரி, கழுவுவது. நம் வீடுகளில் பித்தளை என்றாலே கை தானாகப் புளிக்குப் போகும். குத்துவிளக்குக்குப் புளி போடுங்கள், டிரம்பெட்டுக்கு வேண்டவே வேண்டாம். மேலே அரக்குப் பூச்சு இருக்கும், அது போனால் திரும்ப வராது. புளிப்பும் துகளும் வால்வுக்குள் போனால் அதைவிட மோசம். விளக்கு தேய்க்கும் பொடிக்கும் பாலிஷுக்கும் இதே பதில்தான். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், குழாய்க்குள் நுழையும் வளையும் பிரஷ், இவ்வளவு போதும். கொதிக்கும் தண்ணீர் பூச்சை உரித்துவிடும். பிஸ்டன்களைத் தனியாக எடுத்து, மேலே இருக்கும் ஃபெல்ட் நனையாமல் கழுவுங்கள். ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், 1 உங்கள் வாய்ப்பக்கம் இருப்பது. இடம் மாறிப்போனாலோ, உள்ளே விட்டபின் திருப்பும்போது 'க்ளிக்' என்று உட்காராமல் இருந்தாலோ காற்று அடைத்துக்கொள்ளும். "கழுவினதிலிருந்து சத்தமே வரவில்லை" என்று பதறி வருகிறவர்களுக்கு பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வால்வு ஆயில் என்று தனியாக விற்பதை வாங்குங்கள், ஒரு சின்ன பாட்டில் பல மாதம் வரும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், தையல் மெஷின் எண்ணெய் இந்த இடைவெளிக்குக் கொஞ்சம் கெட்டி. தினமும் ஊதுகிறவர் தினமும் பிஸ்டனுக்கு இரண்டு மூன்று சொட்டு விடவேண்டும். ஸ்லைடுகளுக்கு வேறு, அங்கே கிரீஸ். அவசரத்துக்கு வாசலின் தடவலாம்.

மௌத்பீஸ் எது வாங்குவது என்று ரொம்பக் குழப்பிக்கொள்கிறார்கள். பாக் 7சி அல்லது யமஹா 11பி4, இரண்டில் எது கிடைக்கிறதோ அதில் ஒரு வருஷம் ஊதுங்கள். உள் விட்டம் இரண்டிலும் 16 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குழிவு குறைந்தது வாங்கினால் மேல் ஸ்தாயி வரும் என்று யாராவது சொன்னால், முதலில் கீழ் ஸ்தாயி ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மௌத்பீஸின் விளிம்பில் வெள்ளிப் பூச்சு உரிந்து பித்தளை தெரிந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள், சிலருக்கு உதடு புண்ணாகும்.

இப்போது ஊதலாம். நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது, டிரம்பெட்டில் உங்கள் உதடுதான் சீவாளி. இந்த ஒன்று மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. 'ம்' சொல்கிற மாதிரி உதடுகளைச் சேர்த்து, வாயின் இரண்டு ஓரங்களையும் லேசாக இறுக்கி, நடுப்பகுதியைத் தளர்வாக விட்டு, மௌத்பீஸ் இல்லாமலேயே காற்றை விடுங்கள். சின்னப் பிள்ளைகள் வண்டி ஓட்டும்போது போடுகிற 'ப்ர்ர்ர்' இருக்கிறதே, அதைவிடக் கொஞ்சம் சன்னமாக. பிறகு மௌத்பீஸில் மட்டும், அதன் பிறகு டிரம்பெட்டில். மூச்சு வயிறும் விலாவும் விரிய வாய் வழியாக ஆழமாக உள்ளே போகட்டும், தோள் தூக்க வேண்டாம். இழுத்ததும் அடக்கி வைக்காமல் உடனே வெளியே விடுங்கள். தம் பிடித்தால் தொண்டை இறுகும், தொண்டை இறுகினால் ஒலியும் இறுகும். கன்னம் உப்பக் கூடாது. ஜாஸ் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி உப்பித்தானே ஊதினார் என்பார்கள். அவருக்கு அது ஒத்துவந்தது. தொடங்குகிறவருக்கு ஓரங்களின் பிடி போய்விடும்.

அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல காது, நல்ல மூச்சு உள்ளவர்களையும் நிறுத்திவிடுவது இதுதான். மேல் ஸ்வரம் வரவில்லை என்றால் கை தன்னையறியாமல் டிரம்பெட்டை உதட்டோடு சேர்த்து இழுக்கும், அந்த நேரத்துக்கு ஸ்வரமும் வந்துவிடும், அதனால் அதுவே பழக்கமாகிவிடும். ஆனால் சீவாளியை விரலால் நசுக்கிப் பிடித்தால் எப்படி அதிராதோ அப்படித்தான் உதடும், ரத்த ஓட்டம் நின்று பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். வருஷக்கணக்கில் இப்படி ஊதினால் உதட்டுத் தசையே கிழியலாம். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு உதடு அப்படிச் சேதமானது. அவருடைய செல்லப் பெயரை வைத்துத்தான் மருத்துவத்தில் அந்தக் கிழிவை 'சாச்மோ சிண்ட்ரோம்' என்கிறார்கள். இதற்கு எளிய ஒரு வைத்தியம் உண்டு. வலது சுண்டுவிரல் மாட்ட ஒரு கொக்கி இருக்கிறது பாருங்கள், பயிற்சியின்போது அதில் விரலை மாட்டாதீர்கள், மேலே சும்மா வையுங்கள். இழுக்கப் பிடிமானம் இல்லாவிட்டால் பாதி அழுத்தம் தானாகக் குறையும். அந்தக் கொக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாள் புரட்ட வைத்தது.

வாத்தியம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சாதாரண டிரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 1.48 மீட்டர் வரும். எந்தப் பிஸ்டனையும் தொடாமல் ஊதினால் வரும் ஸ நம் கணக்கில் ஆறரைக் கட்டை. உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மட்டும் மாற்றினால் அதே குழாயில் ஸ, ப, மேல் ஸ, மேல் க, மேல் ப என்று படிப்படியாக வரும். போனில் தம்புரா ஆப் ஒன்றை ஆறரைக் கட்டைக்கு வைத்துக்கொண்டு முதல் இரண்டு வாரம் கீழ் ஸ, ப இரண்டை மட்டும் நீட்டி ஊதுங்கள். டிரம்பெட் பாட முறைகளில் நீண்ட ஸ்வரப் பயிற்சி என்று சொல்வது இதைத்தான். தம்புராவோடு செய்தால் சுருதி தானாகப் படியும். பின்னாளில் மேல் க வரும்போது ஒன்று கவனிப்பீர்கள், கீபோர்டோடு ஊதினால் அது கொஞ்சம் இறங்கிக் கேட்கும், தம்புராவோடு ஊதினால் இழையும். குழாய் தருவது இயற்கையான அந்தர காந்தாரம். கீபோர்டின் காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் உயர்ந்தது.

இங்கேதான் கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு டிரம்பெட்டுக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பழக்கத்தில் மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசையைத் தொடங்குகிறார்கள். தொடங்காதீர்கள், முதல் மூன்று மாதம் சங்கராபரணம்தான். காரணம் வால்வில் இருக்கிறது. முதல் பிஸ்டன் ஒரு முழு ஸ்வர அளவு சுருதியை இறக்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. ஒவ்வொன்றும் கூட்டும் குழாயின் நீளம் 1.48 மீட்டருக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டதால் அந்தக் கூட்டல் போதாமல் போகிறது, சுருதி மேலே ஏறி நிற்கிறது. மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபத்துக்குக் கீழ் ஸ்தாயியில் விரல் 1-2-3, அதாவது மூன்று பிஸ்டனும் சேர்த்து. டிரம்பெட்டிலேயே சுருதி அதிகம் விலகும் இடம் அது. முதல் பாடத்திலேயே அதை ஊதி ஊதிக் காதைக் கெடுத்துக்கொள்வானேன்?

சங்கராபரணத்துக்கு விரல் இப்படி: ஸ திறந்தது (எதையும் அழுத்தாமல்), ரி 1-3, க 1-2, ம 1, ப திறந்தது, த 1-2, நி 2, மேல் ஸ திறந்தது. இதிலும் ரி கொஞ்சம் ஏறும். அதற்காகத்தான் மூன்றாவது ஸ்லைடில் இடதுகை விரலுக்கு ஒரு வளையம், ரி வரும்போது அதை ஒரு விரற்கடை போல வெளியே தள்ளிக் காதால் சரிபார்க்கவேண்டும். இந்தத் தள்ளல் கைக்குப் பழகிய பிறகு மாயாமாளவகௌளைக்குப் போங்கள், ரி 1-2-3 என்று இன்னும் அதிகமாகத் தள்ளி, த 2-3 என்று. பழைய வாத்தியத்தில் மூன்றாவது ஸ்லைடு இறுகிக் கிடந்தால் அதைச் சரிசெய்யாமல் சுருதி பேசவே முடியாது. கமகம் பிஸ்டனைப் பாதி அழுத்தியும் உதட்டாலும் கொஞ்சம் வரும், ஆனால் அது வருஷக்கணக்கு வேலை, இப்போது வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஊதலாம்? ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஊதுவதைவிடக் கால் மணி நேரமாக மூன்று வேளை நல்லது. ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு, அதாவது ஒரு வரி ஊதினால் அந்த வரியை மனதுக்குள் ஒருமுறை பாடிவிட்டு அடுத்த வரி. உதடு கூசினால் நிறுத்துங்கள், வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மேற்கத்திய முறையில் போகிறவர்களுக்கு பிரெஞ்சுக் கலைஞர் ஆர்பன் 1864-ல் டிரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட்டுக்கு எழுதிய பாடநூல் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, காப்புரிமை காலம் முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கும்.

அடுக்குமாடியில் இருந்தால் அலமாரியைத் திறந்து தொங்கும் துணிகளைப் பார்த்து ஊதுங்கள், சத்தம் நன்றாகவே அமுங்கும். டிரம்பெட்டின் விரிந்த வாயில் செருகிச் சத்தத்தைக் குறைக்கும் பயிற்சி மியூட் வாங்கலாம், ஆனால் அது காற்றை எதிர்த்துத் தள்ளுவதால் எப்போதும் அதிலேயே ஊதினால் மூச்சு தவறாகப் பழகிவிடும், வாரத்தில் சில நாளாவது திறந்த வெளி வேண்டும். சித்திரை வெயிலில் ஊர்வலத்தில் ஊதும்போது வாத்தியம் சூடாகிச் சுருதி ஏறும், சுருதி சேர்க்கும் பெரிய டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஏசி அரங்கில் இதற்கு நேர்மாறு.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் முன்பல் விழுந்து முளைக்கும்வரை, எட்டு ஒன்பது வயதுவரை, பொறுங்கள். சின்னக் கைக்கு டிரம்பெட்டைவிடக் கார்னெட் சௌகரியம், குழாய் நீளம் அதேதான், சுற்றிச் சுருட்டியிருப்பதால் கனம் உடம்புக்குப் பக்கத்தில் நிற்கும், விரலும் அதே விரல். உதடு தடிப்பாக இருக்கிறது, டிரம்பெட் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒருவருக்குக் கீழ் ஒலிதான் இயல்பாக வருகிறது, அதில்தான் மனமும் லயிக்கிறது என்றால் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய பித்தளை வாத்தியமான யூஃபோனியத்தைக் கொடுத்துப் பாருங்கள், மேலே சொன்ன விரல் அப்படியே பொருந்தும். டிராம்போன் வேறு கதை, அதற்குப் பிஸ்டன் கிடையாது, நீண்ட ஸ்லைடை நகர்த்தும் ஏழு நிலைகளையும் காதால்தான் பிடிக்கவேண்டும், வயலின் பழகியவர்களுக்கு அது பிடித்துப்போகும்.

ஊதி முடித்ததும் தண்ணீர்ச் சாவியை (ஈரம் வெளியேறும் துளையின் சின்ன மூடி) திறந்து காற்றை ஊதி ஈரத்தை வெளியேற்றி, மௌத்பீஸைக் கழற்றித் தனியாகப் பெட்டியில் வையுங்கள். ஒரு மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பிஸ்டன்களுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டு, ஸ்லைடு எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி வையுங்கள். பெட்டிக்குள் டிரம்பெட்டுக்கு மேலே நோட்டுப் புத்தகத்தைத் திணித்து மூடாதீர்கள், அந்த இரண்டாவது ஸ்லைடு அங்கேயும் நசுங்கும்.