கோலாலம்பூர் நேரம்: மென்பொருள் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேர மண்டலத்தின் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் செயலி நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நின்றால் நல்லதுதான், உடனே தெரிந்துவிடும். பல இடங்களில் அது நிற்காமல் யூடிசி நேரத்துக்கு (உலகப் பொது நேரம், மலேசிய நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால்) மாறி ஓடிக்கொண்டிருக்கும். பினாங்கில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் உணவகத்தில், நள்ளிரவிலிருந்து காலை 8 மணிக்குள் போட்ட பில்லெல்லாம் முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும். மாத மொத்தம் ஏறக்குறைய சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகம் எழாது.

லினக்ஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற சூழல் மாறியில் அடிக்கோட்டை விட்டுவிட்டு ‘ஏசியா/கோலாலம்பூர்’ என்று எழுதி, நேரத்தைக் காட்டும் டேட் கட்டளையைக் கொடுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. யூடிசி நேரமும், மண்டலத்தின் சுருக்கப் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஏசியா’ என்ற சொல்லும் வரும். சரியான பெயர் ‘ஏசியா/கோலா_லம்பூர்’. அதைக் கொடுத்தால் அந்த இடத்தில் +08 இருக்கும். பினாங்குக்கென்று தனிப் பெயர் கிடையாது. சென்னைக்கும் கிடையாது, அங்கே ‘ஏசியா/கொல்கத்தா’தான்.

ஜாவாவின் பழைய டைம்ஸோன் வகுப்பு, தெரியாத பெயரைக் கொடுத்தால் ஜிஎம்டியை (நடைமுறையில் யூடிசி நேரமேதான்) திருப்பித் தரும். புதிய ஸோன்ஐடி பிழை எழுப்பும், அதையே பயன்படுத்துங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் மண்டல அட்டவணைகளை ஏற்றாமல் பெயரைக் கொடுத்து நேரத்தை மாற்றினால் கிடைப்பது வெறும் நல், அதாவது மதிப்பே இல்லாத விடை. பைத்தானின் ஸோன்இன்ஃபோ பிழை எழுப்பும். ஆனால் விண்டோஸில் நேர மண்டலத் தரவு அடங்கிய டிஇசட்டேட்டா தொகுப்பை நிறுவவில்லை என்றால் சரியான பெயருக்கும் அதே பிழைதான். அந்தப் பிழையைப் பிடித்து ‘சரி, யூடிசி போடு’ என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழக்கம்.

சுருக்கப் பெயர்களை நம்ப வேண்டாம். மலேசிய நேரம் என்று நினைத்து எம்எஸ்டி என்று எழுதினால், அது அமெரிக்க மலைப்பகுதி நேரம்: 15 மணி நேரம் பின்னால் போய்விடும். ‘ஜிஎம்டி+8’ இன்னும் ஆபத்து. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) முறையில் கூட்டல், கழித்தல் குறி தலைகீழ் என்பதால், டிஇசட் மாறியில் அது யூடிசிக்கு 8 மணி நேரம் பிந்திய இடத்தைக் குறிக்கும்.

பெயரே வேண்டாம், +8 என்று நிலையாக எழுதிவிடலாமே என்று தோன்றும். இன்றைய பில்லுக்கு அது போதும், பழைய தேதிகளுக்குப் போதாது. 1981 டிசம்பர் 31 வரை தீபகற்ப மலேசியா யூடிசி+7:30-இல் இருந்தது. அன்றிரவு 11:30-க்குக் கடிகாரம் நேராக 12-க்குத் தாவியது. இப்போது 1975-இல் பிறந்த ஒருவரின் பிறந்த நாளை, +8 கணக்கில் நள்ளிரவு என்று சேமித்து, ‘ஏசியா/கோலா_லம்பூர்’ மண்டலத்தில் திரும்பக் காட்டுங்கள். முந்தைய நாள் இரவு 11:30 வரும். தேதி ஒரு நாள் குறைந்து, மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணில் பிறந்த தேதியைக் காட்டும் முதல் ஆறு இலக்கங்களோடு ஒத்துப்போகாது. பிறந்த நாளுக்கு நேரமே தேவையில்லை. தேதி வகையில் மட்டும் சேமியுங்கள்.

பயனரிடம் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடுங்கள். வந்த பெயரைச் சேமிக்கும் முன்பே சேவையகத்தில் சரிபாருங்கள். ஆல்பைன் லினக்ஸ் போன்ற சிறிய டாக்கர் படிமங்களில் (செயலியை ஓட்டத் தேவையானவை அடங்கிய தொகுப்புகளில்) டிஇசட்டேட்டாவைத் தனியாக நிறுவ வேண்டும்.

செயலி தொடங்கும்போதே இரண்டு சோதனைகள் ஓடட்டும். 2024 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு, கோலாலம்பூரில் காலை 8:00 ஆக வேண்டும். 1981 ஜூன் 1, யூடிசி நள்ளிரவு, காலை 7:30 ஆக வேண்டும். முதலாவது தவறினால் பெயரோ தரவுத் தொகுப்போ சரியில்லை. இரண்டாவது மட்டும் தவறினால் எங்கோ +8 நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. எது தவறினாலும், கொடுத்த பெயரையும் கிடைத்த விடையையும் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு செயலி அங்கேயே நிற்கட்டும்.